இரண்டடிச் சுவருக்குள் வைஃபை

போன வைகாசியில் அப்பா வரப்பில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. கோயம்புத்தூர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, லேப்டாப்போடு ஊதியூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கே வந்துவிட்டேன். வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆபீஸில் அனுமதி கொடுத்தார்கள். ஆனால் போன் சிக்னல் களத்துமேட்டில் மட்டும்தான் கிடைக்கும். வேப்ப மரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, அங்கிருந்தே மீட்டிங் பேசினேன். ஆடி பிறந்ததும் அதுவும் நடக்கவில்லை. காற்று இரைச்சலில் நான் பேசுவது அந்தப் பக்கம் யாருக்கும் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்துக்கு ஃபைபர் இன்டர்நெட் வந்திருப்பதே அப்போதுதான் தெரிந்தது. ஆதார் நகலும் போட்டோவும் கொடுத்து எழுதி வைத்தேன். தார் ரோட்டுக் கம்பத்திலிருந்து வீடு வரைக்குமான ஒயருக்கு மீட்டர் கணக்கில் தனியாகப் பணம் கேட்டார்கள். ஒன்பது நாள் கழித்து ஒயர்ச் சுருளும் ஏணியுமாக ஒரு தம்பி வந்தார். தென்னைகளில் கட்டி, மாடு மேயும் கொரங்காட்டுக் கிளுவை வேலி ஓரமாக இழுத்து, மத்தியானத்துக்குள் வாசலுக்குக் கொண்டு வந்துவிட்டார்.

"பெட்டி எங்கீங்க்கா வெக்கிறது?"

"ஒயரு வர்ற எடத்துலயே வெச்சுரு தம்பி."

யோசிக்காமல் சொன்ன அந்த ஒரு வார்த்தையால் மூன்று வாரம் அலைந்தேன். ஆசாரத்து (முன்கூடத்து) மூலையில், இரும்பு பீரோவுக்குப் பின்னால், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் வைஃபை கொடுக்கும் ரவுட்டர்ப் பெட்டி உட்கார்ந்தது.

அன்றைக்கு முதலில் வந்த சிக்கல் வேறு. பெட்டியில் எல்ஓஎஸ் என்று ஒரு சிவப்பு விளக்கு இருக்கும். ஃபைபரில் வெளிச்சம் சரியாக வரவில்லை என்றால் அது எரியும். எங்கள் வீட்டில் அது விட்டு விட்டு மினுங்கியது. தம்பி பையிலிருந்து, ஒயரில் வரும் வெளிச்சத்தை டெசிபெல் கணக்கில் அளக்கும் பவர் மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தார். கம்பத்தில் மைனஸ் 19 காட்டியது, வீட்டில் மைனஸ் 28. பொதுவாக மைனஸ் 27-க்குக் கீழே போனால் பெட்டியால் படிக்க முடியாது என்றார். ஒன்பது டெசிபெல் குறைந்தால் வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது என்று பொருள். அரை கிலோமீட்டர் தூரத்துக்கு இவ்வளவு குறைய நியாயமே இல்லை. ஒயர் வந்த வழியே திரும்ப நடந்தார், நானும் கூடவே போனேன். இரண்டாவது தென்னையில் ஆணியைச் சுற்றி ஒயரை இறுக்கிக் கட்டியிருந்த இடத்தில் அது மடிந்து கிடந்தது. உள்ளே இருப்பது தலைமுடி அளவுக் கண்ணாடி இழை. அப்படி மடித்தால் வெளிச்சம் வளைவிலேயே வெளியே கசிந்துவிடும். அதை அவிழ்த்து, ஒரு தட்டு அகலத்துக்கு வளையமாகத் தொங்கவிட்டதும் வீட்டில் மைனஸ் 20 வந்தது. உங்கள் வீட்டில் போடும்போதும் அந்த எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேகம் குறைந்தால், கோளாறு வெளி ஒயரிலா வீட்டுக்குள்ளா என்று பிரித்துப் பார்க்க அது ஒன்றே போதும்.

பெட்டியின் உள்வேலை பத்து நிமிடம்தான். போன் பிரௌசரில் 192.168.1.1 என்று அடித்து, பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த பேரையும் பாஸ்வேர்டையும் போட்டு நுழைந்தோம். கம்பெனி கொடுத்த கணக்கை ஏற்றியதும் பச்சை விளக்கு நின்று எரிந்தது. தம்பி போன பிறகு, வைஃபை பாஸ்வேர்டோடு நிறுத்தாமல் உள்ளே நுழையும் பாஸ்வேர்டையும் மாற்றினேன். இரண்டாவதை மாற்றப் பலரும் மறந்துவிடுகிறோம். அந்த ஸ்டிக்கரைப் பார்த்தவர் யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம்.

சாயங்காலம் என் அறையில் லேப்டாப்பைத் திறந்தால் வைஃபை பேரே காட்டவில்லை.

வீடு தாத்தா காலத்து ஓட்டு வீடு. கருங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர், இரண்டடி கனம். ஆசாரம், சமையல்கட்டு, அதைத் தாண்டி என் அறை என்று நடுவில் இரண்டு சுவர். வாங்கியிருந்த திட்டம் 200 எம்பிபிஎஸ். ஆசாரத்தில் 190 வந்தது, சமையல்கட்டில் 12. திட்டத்தை 300-க்கு மாற்றினால் சரியாகிவிடும் என்று போனில் ஆலோசனை சொன்னார்கள். நல்லவேளை, மாற்றவில்லை. வேகத்தைக் கூட்டினாலும் சுவர் அதே சுவர்தானே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் வைஃபை அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். அப்பா கட்டிலில் இருந்தபடியே நான் சொன்ன எண்களைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினார். பீரோவை ஓரம் தள்ளி, பெட்டியை ஆள் உயரத்துக்கு ஏற்றியதற்கே சமையல்கட்டில் 12 என்பது 55 ஆனது. இரும்பு அலையைத் திருப்பி அடித்துவிடும், கல் குடித்துவிடும். பெட்டி இரண்டு அலைவரிசையில் வைஃபை கொடுக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமாக இருந்தாலும் சுவரைத் தாண்டத் திணறும். 2.4 கொஞ்சம் தாண்டும், வேகம் குறைவு. என் அறைக்கு இரண்டுமே ஒழுங்காக எட்டவில்லை.

"ஓட்டுக்கடியில ஒயரக் கொண்டு போயிரலாமே கண்ணு. செவுத்த எதுக்குத் தொடோணும்?" என்றார் அப்பா. மூன்று வாரமாக எனக்குத் தோன்றாத யோசனை.

கோயம்புத்தூரிலிருந்து கொண்டு வந்த பழைய ரவுட்டர் இருந்தது. காங்கேயத்தில் 25 மீட்டர் லேன் ஒயரும் அதன் முனையில் அடிக்கும் கிளிப்புகளும் வாங்கி வந்தேன். உத்தரத்தின் மேல் ஒயரை இழுத்து என் அறையில் இறக்கினோம். பழைய ரவுட்டரை அப்படியே செருகினால் இரண்டு பெட்டியும் போனுக்கும் லேப்டாப்புக்கும் ஆளுக்கு ஒரு பக்கம் முகவரி கொடுக்க ஆரம்பித்து, எல்லாம் குழம்பிவிடும். அதனால் இரண்டாவதில் முகவரி கொடுக்கும் வேலையான டிஹெச்சிபி-யை அணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, ஒயரை வெளி இணைப்புக்கான வேன் (WAN) துளையில் செருகாமல் லேன் (LAN) துளையில் செருகினேன். இரண்டுக்கும் ஒரே வைஃபை பேர், ஒரே பாஸ்வேர்டு. 2.4-இல் ஒன்றுக்கு 1-ஆம் சானல், மற்றதற்கு 11. ஒன்றின் அலை மற்றதில் மோதாமல் இருக்க இந்த இடைவெளி வேண்டும்.

என் அறையில் வேகம் 94. அதற்கு மேல் ஏறவே இல்லை. இந்த 94-ஐப் பார்த்தால் முதலில் ஒயரைச் சந்தேகப்படுங்கள். லேன் ஒயருக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கும். 100 எம்பிபிஎஸ்-க்கு இரண்டு ஜோடி போதும், அதைத் தாண்டி ஜிகாபிட் ஓட நான்கும் சேர வேண்டும். நான் அடித்த கிளிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீலக் கம்பி முனை வரைக்கும் போகாமல் பாதியில் நின்றிருந்தது. வெட்டி எறிந்துவிட்டு, வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்று வரிசை பார்த்து மறுபடி அடித்தேன். 187 வந்தது. அன்று ராத்திரி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் மீட்டிங் பேசினேன். ஒரு வார்த்தைகூட விட்டுப்போகவில்லை.

கரண்ட் போகிற நாளுக்கு, ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன யூபிஎஸ் இரண்டு வாங்கி, பெட்டிக்கு ஒன்றாக வைத்தேன். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் யூபிஎஸ்-இன் வோல்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். யூபிஎஸ்-இன் ஆம்பியர் கூடுதலாக இருந்தால் கெடுதல் இல்லை, குறையக் கூடாது. எங்கள் இரண்டு பெட்டியும் 12 வோல்ட். மாதாந்திரப் பராமரிப்பு நாளில்கூட மத்தியானம் வரைக்கும் தாக்குப்பிடிக்கிறது.

போன வாரம் அப்பா கோலூன்றிக் கட்டுத்தரை வரைக்கும் நடந்தார். திரும்பி வந்து, "அங்கயும் எட்டுமா கண்ணு? செனை மாட்ட ராத்திரில கேமராவுல பாத்துக்கலாம்ல" என்று கேட்டார். வீட்டிலிருந்து அறுபது மீட்டர். லேன் ஒயர் 100 மீட்டர் வரைக்கும் தாங்கும் என்றாலும் செம்பு ஒயரை வெட்டவெளியில் இழுக்க எனக்கு மனமில்லை. பக்கத்தில் இடி விழுந்தால் அந்த ஒயர் வழியாகவே மின்சாரம் பாய்ந்து இரண்டு முனையிலும் இருப்பதைச் சுட்டுவிடும். ஃபைபரின் கண்ணாடியில் மின்சாரம் ஓடாது. உள்ளே இரும்புத் தாங்குகம்பி இல்லாத ஃபைபராகப் பார்த்து, இந்த முனைக்கும் அந்த முனைக்கும், லேன் ஒயரையும் ஃபைபரையும் இணைக்கும் மீடியா கன்வர்ட்டர் ஒவ்வொன்று போட்டால் போதும். தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஐப்பசி இடிமழைக்கு முன்னால் இழுத்தாக வேண்டும். மாடு கார்த்திகையில் கன்று போடும்.