ஏழாம் நிலையின் முன்னால்

தம்பி குடியை விட்டுவிட்டால் அவன் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி வாங்கித் திருவண்ணாமலை மாவட்டத்துச் சேத்துப்பட்டு லூர்து மாதாவுக்கு ஏற்றுவதாக அம்மா நேர்ந்துகொண்டது, அவன் வேலை பார்த்த தோல் தொழிற்சாலையை மூடி அவனை வீட்டுக்கு அனுப்பிய காலத்தில். அதன் பிறகு அவன் குடியை விட்டான், தொடங்கினான், மறுவாழ்வு மையத்தில் சேர்ந்து தேறி வந்தான், கடந்த பொங்கலன்று மறுபடியும் விழுந்தான். பிப்ரவரி 11 திருவிழாவுக்கு அவனை அழைத்துக்கொண்டு போய் அந்த நேர்ச்சையைச் செலுத்தப் போவதாக அம்மா சொன்னபோது, விடாதவனுக்கு எதற்கு நேர்ச்சை என்று உறவினர் கேட்டார்கள். கேள்வி எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அம்மாவோ, எழுந்து நிற்பவனைத் தூக்கிவிட மாதா எதற்கு என்று சொல்லிவிட்டுப் புடவையை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

வேலூரில் ஏறிய பேருந்தில் ஆரணி வரை அம்மாவுக்கு மட்டுமே இடம் கிடைத்தது. ஆரணியில் மாறி ஏறிய வண்டியில் அதுவும் இல்லை. குடியை நிறுத்திச் சில நாள்களே ஆகியிருந்ததால் தம்பியின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகத் திருக அது வழுக்கியது, பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் பேசாமல் வாங்கித் திறந்து கொடுத்தார். அந்தப் பெரியவரை மாதா ஆசீர்வதிக்கட்டும்.

திருத்தலத்தின் கூட்டத்தைப் பற்றி எழுதினால் தீராது. ஆள் உயர மெழுகுவர்த்திக்கு முதலில் ஒரு விலையும், அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகு வேறொரு விலையும் சொன்ன கடைக்காரரிடம் பேரம் பேசி வாங்கி, நெரிசலில் ஒடியாமல் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, மாதா சுரூபம் இருக்கும் குகையான கெபி வரை சேர்ந்தோம். ஏற்றி வைத்து ‘அருள் நிறைந்த மரியே’ செபத்தை ஒரு முறை சொல்லி முடிப்பதற்குள், இடமில்லை என்று ஒருவர் அதை அணைத்து எடுத்துப் போய்க் குவியலில் போட்டுவிட்டார். இடநெருக்கடி உண்மைதான், ஆயினும் இத்தனை காலம் சுமந்த வேண்டுதல் அரை நிமிடமாவது எரிந்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இருந்தது. அம்மாவுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

திருப்பலி மறையுரையில் 1858ஆம் ஆண்டு பிப்ரவரி 25 அன்று நடந்ததைக் குருவானவர் சொன்னார். பிரான்சின் லூர்து நகரில் மசபியேல் குகையில், தனக்குக் காட்சி தந்த அன்னை காட்டிய இடத்தில் பெர்னதெத் என்ற சிறுமி மண்ணைக் கையால் தோண்டி, கலங்கல் நீரைக் குடித்து, முகமெல்லாம் சேறாகத் திரும்பியபோது, கூடியிருந்தவர்கள் அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்றே நினைத்தார்கள். இன்று அங்கே உலகமே வந்து அருந்தும் ஊற்று பீறிட்டது அந்தச் சேற்றிலிருந்துதான். தம்பியைச் சாக்கடை ஓரத்திலிருந்து தூக்கி வந்து முகம் கழுவிவிட்ட இரவுகள் அம்மாவுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

கூட்டம் சற்றுத் தணிந்த பிறகு, ஆலயச் சுவரில் இயேசு சிலுவை சுமந்த வழியை வரிசையாகக் காட்டும் சிலுவைப்பாதை நிலைகளின் முன் நின்று, அவற்றின் செபங்களை நாங்கள் மூவரும் எங்களுக்குள் சொல்லிக்கொண்டு வந்தோம். ஏழாம் நிலையில் தம்பி நின்றுவிட்டான். இயேசு இரண்டாம் முறை விழுகிறார். இந்த மூன்று விழுதல்களும் நற்செய்தி நூல்களில் எழுதப்பட்டவை அல்ல, திருச்சபை மரபில் வழிவழியாக வந்தவை. யார் முதலில் இவற்றை இந்த வரிசையில் வைத்தார்களோ, அவர்கள் மனிதரை நன்றாக அறிந்திருந்தார்கள். மூன்றாம் நிலையில் விழுந்தவரை நான்காம் நிலையில் தாய் சந்திக்கிறார், ஐந்தில் சீமோன் சிலுவைக்குத் தோள் கொடுக்கிறார், ஆறில் வெரோணிக்கா முகத்தைத் துடைக்கிறார். இத்தனை பேர் துணை நின்ற பிறகும் ஏழில் விழுகிறார், ஒன்பதில் இன்னொரு முறையும் விழுகிறார். உதவி பெற்ற பிறகு விழுவதில்தான் வெட்கம் அதிகம் என்பதை மறுவாழ்வு மையத்திலிருந்து திரும்பிய எவரும் சொல்வார்கள். "எல்லாரும் கைகொடுத்த பிறகும் விழுறாரே அக்கா" என்றான் தம்பி, சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல். நான் பதில் சொல்லவில்லை. "எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி" என்று அம்மா அடுத்த வரியைச் சொல்ல, அவன் குரலும் சேர்ந்தது.

சிலுவைப்பாதை முடிந்ததும், திருமணத்துக்குப் பிறகு, குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் பக்கமே போகாதிருந்தவன், வரிசையில் போய் நின்றான். பாதியில் வெளியேறித் தூணருகே நின்றான், பின்பு வரிசையின் கடைசிக்கே போய் மறுபடியும் நின்றான். அவன் என்ன சொன்னான் என்பது எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. எழுந்து வந்தபோது சட்டையின் தோள்பட்டை வியர்வையில் நனைந்திருந்தது. குருவானவர் பாவப் பரிகாரமாகக் கொடுத்த செபத்தைச் சொல்ல முழங்காலிட்டவன் வெகுநேரம் எழவில்லை.

அன்று முதல் அவன் குடிக்கவே இல்லை என்று சாட்சி எழுத எனக்கு ஆசைதான். நடுவில் ஒரு நாள் குடித்தான். மறுநாள் காலையில் தானே அம்மாவிடம் சொல்லி, மதியம் மருத்துவரிடம் போனான். முன்பெல்லாம் அந்த ஒரு நாள் ஒரு மாதமாக நீளும், வீட்டில் யாரும் யாரோடும் பேச மாட்டோம். இப்போது அவனே நடந்து போய் மருந்து வாங்கி வருகிறான். மாலையில் செபமாலையில் மூன்றாம் பத்து மணிகளைச் சொல்வது அவன்தான். ஆண்டவரே, உமக்குத் தோத்திரம். அம்மா மரியே, எங்களைப் பாதி வழியில் வந்து சந்தித்தீரே, உமக்கு நன்றி. அடுத்த பிப்ரவரிக்கும் வருகிறோம். அவன் எந்த நிலையில் இருந்தாலும் கூட்டிக்கொண்டு வருகிறோம்.