வில்லிஸ் உபதேசியாரின் கொடிவழி: மூன்று வார முயற்சி

மார்ட்டின் லூதர் கிங்கின் தாய்வழிக் கொள்ளுத்தாத்தா வில்லிஸ் வில்லியம்ஸ், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பென்ஃபீல்டு என்ற சிற்றூர்ப் பகுதியில் அடிமையாக வாழ்ந்த பாப்டிஸ்ட் உபதேசியார். பொழுதுபோக்காகக் கொடிவழி, அதாவது வம்சாவளிப் படம், வரைந்து பழகும் நான், இம்முறை அவரிடம் போய்ச் சேர முடிகிறதா என்று முயன்று பார்த்தேன்.

தெரிந்தவரிலிருந்து தெரியாதவருக்குப் பின்னோக்கிச் செல்வதே முறை என்பதால், அட்லாண்டாவின் எபெனேசர் சபைக்கு 1894-இல் போதகராக வந்த அவருடைய மகன் ஆடம் டேனியல் வில்லியம்ஸிடமிருந்து தொடங்கினேன். அவர் தம் பிறந்தநாளாகக் கொண்டாடியது 1863 ஜனவரி 2. அதாவது, அடிமைகளுக்கான லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்ததற்கு மறுநாள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பதிவான வயதைக் கழித்துப் பார்த்தாலோ 1861-ஐ ஒட்டி வருகிறது. அந்த நாளை அவர் விரும்பியே தேர்ந்துகொண்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஆகவே படத்தில் இரண்டு ஆண்டுகளையும் எழுதி வைத்தேன்.

இரண்டாம் வாரம் முழுவதும் வீண். 1850, 1860 கணக்கெடுப்புகளின் பெயர்ப் பட்டியலில் வில்லிஸைத் தேடிக்கொண்டிருந்தேன். அது சுதந்திர மனிதர்களுக்கான பட்டியல் என்பது பிறகுதான் உறைத்தது. அடிமைகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு. அதில் உடைமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் போன்றவை மட்டும் வரிவரியாக இருக்கும், பெயர் இருக்காது. விடுதலை பெற்ற மக்கள் அனைவரும் பெயருடன் பதிவான முதல் கணக்கெடுப்பு 1870-இல் நடந்ததே. 1890-ஆம் ஆண்டுப் பதிவுகளில் பெரும்பகுதி 1921-இல் வாஷிங்டனில் ஏற்பட்ட தீயில் சேதமடைந்து, பின்னர் இல்லாமலே போய்விட்டது.

வழி திறந்தது சபைக் குறிப்பேட்டினால்தான். பாப்டிஸ்ட் சபையில் பிறப்பால் எவரும் உறுப்பினராவதில்லை. ஒவ்வொருவரும் தம் விசுவாசத்தைத் தாமே அறிக்கையிட்டு, மூழ்கி ஞானஸ்நானம் பெற்றுச் சேர வேண்டும் என்பதால், அரசுக் கணக்கில் வெறும் வயதாக இருந்த அடிமை அங்கே பெயருள்ள ஆளாகிறார். பென்ஃபீல்டு பகுதியின் ஷைலோ பாப்டிஸ்ட் சபையில் 1846-இல் வில்லியம் என். வில்லியம்ஸின் வேலையாள் வில்லிஸ் சேர்ந்ததாகக் குறிப்பு உள்ளது. 'வேலையாள்' என்பது எஜமானர்கள் கையாண்ட நாசூக்கான சொல். 1848-இல் வில்லிஸ் மீது திருட்டுக் குற்றம் சுமத்தப்பட்டு அவர் சபையிலிருந்து விலக்கப்பட்டதும், பிறகு பாவ அறிக்கை செய்து திரும்பச் சேர்ந்ததும் அதே ஏட்டில் பதிவாகியுள்ளன. தன் உடலே தனக்குச் சொந்தமில்லாத ஒருவர் பிறர் பொருளைத் திருடினார் என்ற வரியை நான் பலமுறை திரும்பப் படித்தேன். அவர் மனைவி லுக்ரீஷியா 1855-இல் அதே சபையில் சேர்ந்தவர்.

கொடிவழியில் இடம் பெறாத ஒரு தகவலையும் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்: ஆடம் டேனியல் சிறுவனாக இருந்தபோது, செத்துப்போன பாம்பு, பூனை, நாய், குதிரை ஆகியவற்றுக்கெல்லாம் அடக்க ஆராதனைப் பிரசங்கம் செய்வாராம், கேட்பதற்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கூடுவார்களாம்.

அடுத்ததாக, பென்ஃபீல்டு அடங்கிய கிரீன் மாவட்ட நீதிமன்றத்தின் உயில்களையும் சொத்து மதிப்பீட்டுப் பட்டியல்களையும் பார்க்க வேண்டும். உடைமையாளர் இறந்தால் அடிமைகளைப் பெயரும் விலையுமாக எழுதுவது அங்கே வழக்கம். வில்லிஸின் பெற்றோரை நெருங்குவதற்கு எனக்குத் தெரிந்த வழி அதுதான்.