சில்வண்டு இரைச்சலை வைத்துச் சோலையை எடைபோடாதீர்கள்

வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் துண்டுச் சோலைகளில் ஒலி ஆய்வு தொடங்கும் மாணவர்கள் முதலில் கேட்பது, காட்டின் ஒலியை ஒரே எண்ணாகச் சுருக்கும் ஒலிக் குறியீடுகளில் எதைக் கணக்கிடுவது என்றுதான். பதிவே சரியாக விழாவிட்டால் எந்தக் குறியீடும் கைகொடுக்காது.

பலரும் வைத்திருப்பது ஆடியோமாத். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒலிப்பதிவுக் கருவி. மூன்று ஏஏ பேட்டரி, ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு. பறவை, தவளை, பூச்சிகளுக்கு 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வேகம், அதாவது விநாடிக்கு 48,000 முறை ஒலியை அளப்பது, போதும். அதில் பாதியான 24 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் வரை பதிவாகும். வௌவாலுக்கு மட்டும் 256 அல்லது 384 வையுங்கள். 48-இல் ஒரு நிமிடப் பதிவு 5.76 எம்பி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் என்று நாள் முழுக்கப் பதிந்தால் ஏறக்குறைய 1.66 ஜிபி, 32 ஜிபி கார்டு 19 நாள் தாங்கும். பேட்டரி அத்தனை நாள் வருமா என்பதை அதே அமைப்பில் வீட்டிலேயே ஓடவிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

அதிகம் கெடுவது நேரம்தான். கோப்பின் பெயரே தேதியும் நேரமும். 20240312_003000 என்று இருந்தால் நள்ளிரவு தாண்டி அரை மணி என்று படிக்கத் தோன்றும். கருவி உலகப் பொது நேரத்தில் ஓடியிருந்தால் அது நம் காலை 6 மணி, பறவைகள் உச்சத்தில் கூவும் வேளை! ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்தால் விடியல் கச்சேரி முழுவதும் இராப்பூச்சிகளின் கணக்கில் போய்விடும். காட்டில் பேட்டரி மாற்றினாலும் கடிகாரம் அழிந்துவிடும். கைபேசிச் செயலி எழுப்பும் ஒலியைக் கருவியின் மைக்குக்குக் கேட்கவைத்து நேரத்தை அங்கேயே திருத்தலாம்.

கருவியை நெஞ்சு உயரத்தில், மெல்லிய தண்டில் கட்டுங்கள். பருத்த அடிமரம் பின்பக்கத்து ஒலியை மறைத்துவிடும். கை எட்டும் தூரத்தில் இலை உரசக் கூடாது. ஓடை அருகே வைத்தால் பதிவு முழுக்க நீரிரைச்சல்தான். யானைத் தடத்தை விட்டு விலகியே வையுங்கள். கருவியின் உறைக்குள் ஈரம் உறிஞ்ச ஒரு சிலிக்கா பொட்டலம் அவசியம். இரண்டு கருவிகளுக்கு இடையே குறைந்தது 250 மீட்டர் விடலாம்; அப்படியும் இருவாச்சியின் குரல் இரண்டிலும் விழக்கூடும்.

இனி குறியீடுகள். மனித ஓசையைவிட உயிரின ஓசை எவ்வளவு மிகுந்திருக்கிறது என்று பார்ப்பது என்டிஎஸ்ஐ. அது வழக்கமாக 1–2 கிலோஹெர்ட்ஸை மனித ஓசை என்றும், 2–8-ஐ உயிரின ஓசை என்றும் எடுத்துக்கொள்கிறது. 1 கிலோஹெர்ட்ஸை ஒட்டிக் கூவும் குக்குறுவான் இந்தக் கணக்கில் லாரியோடு சேர்ந்துவிடும். சில்வண்டோ உயிரினப் பட்டைக்குள் நின்று விடாமல் இரைகிறது. அதனால் கோடையில், சில்வண்டு மண்டிய சிதைந்த விளிம்புக் காடு செழித்த காடாகத் தெரியும். ஏசிஐ என்ற குறியீடு வேறு மாதிரி ஏமாற்றும்: ஒலியின் வலிமை கணத்துக்குக் கணம் எவ்வளவு மாறுகிறது என்பதை அளப்பதால், சீரான சில்வண்டு இரைச்சலில் ஏறாது, உறைமேல் சொட்டும் மழைத்துளியில் எகிறும். ஆகவே மழைக் கோப்புகளை முதலில் பிரித்து ஒதுக்குங்கள். எந்தக் குறியீடானாலும் எந்த நேரத்தில் எந்த அதிர்வெண்ணில் ஒலி இருக்கிறது என்று காட்டும் அலைமாலைப் படத்தை (ஸ்பெக்ட்ரோகிராம்) திறந்து, சில்வண்டின் தடித்த பட்டை எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்க்காமல் தளங்களை ஒப்பிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

குரலை வைத்துப் பறவை இனத்தைக் கண்டறியும் மென்பொருளான பேர்ட்நெட், பதிவை மூன்று விநாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு இனத்துக்கும் 0 முதல் 1 வரை மதிப்பெண் தருகிறது. 0.8 என்றால் எண்பது சதவீதம் சரி என்று பொருளல்ல. ஒவ்வொரு இனத்துக்கும் உயர்ந்த, நடுத்தர, தாழ்ந்த மதிப்பெண் துண்டுகளைக் கலந்தெடுத்துக் காதால் கேட்டு, அந்த இனத்துக்கென்று தனி வரம்பு வையுங்கள். கழுகு, வல்லூறு என்று வரும் துண்டுகளில் கூடுதல் கவனம் வேண்டும். துடுப்புவால் கரிச்சான் அவற்றின் குரலை அப்படியே எடுத்துவிடும். முன்னும் பின்னும் பத்து விநாடி கேட்டால், பெரும்பாலும் அதன் சொந்த உலோகக் குரலும் வந்து விழும்.