நாஸுக்கு காப்பி போட்டா 11 எம்பிக்கு மேல ஏறல: ஒவ்வொரு இடமா அளந்து பார்த்த அனுபவம்

பழைய டெஸ்க்டாப் ஒண்ணுல டெபியன் லினக்ஸ் போட்டு, ரெண்டு ஹார்ட் டிஸ்க் மாட்டி, சாம்பா (லினக்ஸ்ல இருக்குற ஃபைலை விண்டோஸுக்குப் பகிர்ற சாஃப்ட்வேர்) வழியா ஷேர் பண்ணி நாஸா, அதாவது வீட்டு நெட்வொர்க்ல ஃபைல் சேமிச்சு வைக்கிற பெட்டியா ஓட்டிட்டு இருக்கேன். லேப்டாப்ல விண்டோஸ் 11. நடுவுல ஒரு கிகாபிட் ஸ்விட்ச், எல்லாமே கேபிள்தான், வைஃபை கிடையாது. ஆனா பெரிய வீடியோ ஃபைல் ஒண்ணைத் தூக்கிப் போட்டா செகண்டுக்கு 11.2 எம்பி. இன்னொண்ணு போட்டாலும் 11.2. காலைல போட்டாலும் அதே, ராத்திரி போட்டாலும் அதே.

ஸ்லோவா இருக்குறதை விட, கொஞ்சம் கூட ஏறாம இறங்காம ஒரே நம்பர்ல நிக்குது பாருங்க, அதுலதான் விஷயமே இருக்கு. டிஸ்க் பிரச்சனைன்னா கிராஃப் ஏறி இறங்கும், சிபியு திணறுதுன்னா ஃபைலுக்கு ஃபைல் மாறும், வைஃபைன்னா கேக்கவே வேணாம். நேரா போகுதுன்னா எங்கயோ ஒரு கூரை தட்டுதுன்னு அர்த்தம். கிகாபிட்டுக்கு முந்தின கேபிள் வேகம் 100 மெகாபிட், 8 பிட் ஒரு பைட், அதனால 8ஆல வகுத்தா 12.5 எம்பி, அதுல ஹெடர் கிடர்னு கழிச்சா கைக்கு வர்றது 11 சொச்சம். அதனால சாம்பா கான்ஃபிக் பக்கமே போகாம முதல்ல லிங்க் ஸ்பீடை, அதாவது கேபிளோட ரெண்டு முனையும் ஒத்துக்கிட்ட வேகத்தைத்தான் பார்த்தேன்.

லேப்டாப் 1 கிகாபிட்னு காட்டுச்சு. சரி அங்க பிரச்சனை இல்ல. நாஸ்ல நெட்வொர்க் கார்டு விவரம் காட்டுற எத்டூல் கமாண்ட் அடிச்சா ஸ்பீடு 100, ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் டேட்டா போகும்). ஆக ஸ்விட்ச்சுக்கும் நாஸுக்கும் நடுவுல இருக்குற அந்த ஒரு கேபிள். ஸ்விட்ச்ல போர்ட் மாத்தியும் பார்த்தேன், 100தான்.

கேபிளைக் கழட்டி வெளிச்சத்துல பிளக்கைப் பிடிச்சுப் பார்த்தா, தங்க நிற பின் எட்டும் இருக்கு, ஆனா உள்ள வயர் நாலுதான் வருது! ஏதோ பழைய மோடம் டப்பாவோட வந்த கேபிள். 100 மெகாபிட்டுக்கு ரெண்டு ஜோடி வயர் போதும், 1, 2, 3, 6 பின்ல வர்றது. கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும், அதாவது எட்டு வயரும் வேணும். எட்டு வயர் இருக்குற நல்ல கேபிள்லயும் ஒரு ஜோடி உள்ளுக்குள்ள அறுந்திருந்தா பல நெட்வொர்க் கார்டு எர்ரர் எதுவும் சொல்லாம தானா 100க்கு இறங்கிடும், இன்டர்நெட் எல்லாம் வழக்கம்போல ஓடும், யாருக்கும் சந்தேகமே வராது. இதுல இன்னொரு யோசனை சுத்திட்டு இருக்கு, ஆட்டோ நெகோஷியேஷனை (ரெண்டு முனையும் தானா பேசி வேகத்தை முடிவு பண்றது) ஆஃப் பண்ணிட்டு ஸ்பீடை கைல செட் பண்ணுங்கன்னு. தயவுசெஞ்சு வேணாம். காப்பர் கேபிள்ல கிகாபிட்டுக்கு ஆட்டோ நெகோஷியேஷன் கட்டாயம், 100ல ஒரு பக்கம் மட்டும் கைல செட் பண்ணா இன்னொரு பக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (மாறி மாறித்தான் அனுப்ப முடியும்) போயிடும், இப்ப இருக்குறதை விட கேவலமா ஆகும்.

கேட் 5இ தரத்துல எட்டு வயர் கேபிள் ஒண்ணு மாட்டினேன், எத்டூல் 1000னு சொல்லுச்சு. கிகாபிட்டுக்கு 100 மீட்டர் வரைக்கும் கேட் 5இ போதும், கேட் 8 எல்லாம் வீட்டுக்கு வீண் செலவு.

உடனே ஃபைல் காப்பி போட்டுப் பார்க்கத்தான் கை அரிச்சுது, ஆனா அதுல வயர், டிஸ்க், ப்ரோட்டோகால் எல்லாம் கலந்த ஒரே நம்பர்தான் வரும். அதனால முதல்ல ஐபெர்ஃப்3, நெட்வொர்க் வேகத்தை மட்டும் அளக்குற டூல். நாஸ்ல சர்வரா ஓட விட்டு, லேப்டாப்ல இருந்து கிளையண்டா அடிச்சா டிஸ்க்கைத் தொடாம மெமரில இருந்து மெமரிக்கு டேட்டா போகும், வயர் எவ்வளவு தாங்குதுன்னு மட்டும் தெரியும். ரெண்டு திசையிலயும் பார்க்கணும், ரிவர்ஸ் ஆப்ஷன் அதுக்குத்தான், ஏன்னா ஒரு பக்கம் மட்டும் அடி வாங்குற கேஸ் நிறைய உண்டு. எனக்கு ரெண்டு பக்கமும் 940 மெகாபிட் பக்கத்துல நின்னுச்சு. மீதி 60 எங்கன்னு தேட வேணாம். ஒவ்வொரு பாக்கெட்டும் வயர்ல 1538 பைட் இடம் பிடிக்குது, அதுல நம்ம டேட்டா 1448 பைட்தான், வகுத்துப் பார்த்தா 94 சதவீதம் சொச்சம் வரும். ஆக வயர் விஷயம் அத்தோட முடிஞ்சுது.

இப்போ காப்பி. 112ல ஆரம்பிச்சுது, சந்தோஷம். ஒரு ரெண்டு ஜிபி போனதும் 60, அப்புறம் 25, அப்புறம் முழுசா ஜீரோ, பத்து செகண்ட் மூச்சே இல்ல, திரும்ப 90, திரும்ப ஜீரோ. இது வேற வியாதி.

ஆரம்பத்துல தெரியுற அந்த 112 டிஸ்கோட வேகம் இல்ல. லினக்ஸ் வர்ற டேட்டாவை முதல்ல ரேம்ல வாங்கி வெச்சுக்கும், டிஸ்குக்கு அப்புறமா எழுதும். எவ்வளவு வரைக்கும் வாங்கி வெச்சுக்கலாம்ங்கிறதுக்கு டர்ட்டி ரேஷியோன்னு ஒரு செட்டிங் இருக்கு, டீஃபால்ட்டா காலியா இருக்குற மெமரில 20 சதவீதம். என் நாஸ்ல 8 ஜிபி ரேம், அதான் முதல் ஒண்ணரை ரெண்டு ஜிபி பறந்துச்சு. அது நிரம்பினதும் எழுதுறவனை நிறுத்தி வெச்சுட்டு டிஸ்க் எவ்வளவு வேகத்துல விழுங்குதோ அவ்வளவுதான் உள்ள விடும். அதனால சின்ன ஃபைல் ஒண்ணை காப்பி போட்டுட்டு ஸ்பீடு சூப்பர்னு சொல்றதுல அர்த்தமே இல்ல, ரேமை விட பெருசா போட்டாத்தான் உண்மை தெரியும்.

டிஸ்க் எதனால இழுக்குதுன்னு பார்க்க, காப்பி ஓடும்போதே இன்னொரு டெர்மினல்ல, டிஸ்க் எவ்வளவு பிஸின்னு காட்டுற ஐஓஸ்டாட் ஓட விட்டேன். காப்பி ஜீரோல நிக்கும்போது நெட்வொர்க் சும்மா இருக்கு, சிபியு சும்மா இருக்கு, டிஸ்க் மட்டும் 100 சதவீதம் பிஸி, ஒவ்வொரு ரைட்டும் முடிய ஒரு செகண்டுக்கு மேல காத்திருக்கு. டிஸ்க் தன்னோட நிலைமையைத் தானே பதிஞ்சு வைக்கிற ஸ்மார்ட் ரிப்போர்ட்டும் எடுத்தேன். அதுல 197ஆம் நம்பர் படிக்க முடியாம காத்திருக்குற செக்டார் (டிஸ்க்ல டேட்டா வைக்கிற சின்னத் துண்டு) எண்ணிக்கை, 5ஆம் நம்பர் ஏற்கனவே மாத்தி வெச்ச செக்டார், 199 வந்து டிஸ்க்கை போர்டோட இணைக்கிற சாட்டா கேபிள் கோளாறைக் காட்டுற சிஆர்சி எர்ரர். மூணும் ஜீரோ. அதாவது டிஸ்க் கெட்டுப் போகல, அதோட இயல்பே இதுதான்!

மாடல் நம்பரைத் தேடினா எஸ்எம்ஆர் வகை. சாதாரண சிஎம்ஆர் டிஸ்க்ல டிராக், அதாவது டேட்டா எழுதுற வட்டக் கோடு எல்லாம் தனித்தனியா பக்கத்துல பக்கத்துல இருக்கும். எஸ்எம்ஆர்ல ஓட்டுக்கூரை மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு பாதி ஏறி உக்காந்திருக்கும், அப்பத்தான் அதே தட்டுல அதிக டேட்டா வைக்க முடியும். கூரை நடுவுல ஒரு ஓட்டை மாத்தணும்னா அது மேல ஏறியிருக்குற ஓட்டையெல்லாம் எடுத்துட்டு திரும்ப அடுக்கணும்ல, அதே கதைதான், கொஞ்சம் மாத்தி எழுதணும்னாலும் அந்த டிராக் கூட்டத்தையே (பேண்ட்) படிச்சு திரும்ப எழுதுது. இதை மறைக்க டிஸ்க்லயே கொஞ்ச இடத்தை கேஷா வெச்சிருப்பாங்க, முதல்ல அங்க வேகமா வாங்கிட்டு, சும்மா இருக்கும்போது பின்னால அடுக்கி வைக்கும். கேஷ் நிரம்புற அளவுக்கு விடாம எழுதினா வாங்குறதும் அடுக்குறதும் ஒரே நேரத்துல நடக்கும், அதான் அந்த ஜீரோ. அதுலயும் என் டிஸ்க் முக்கால்வாசி நிரம்பி, பல தடவை அழிச்சு எழுதினது. இந்த வகை டிஸ்க்கை வெளிய சொல்லாமலே வித்தோம்னு பெரிய தயாரிப்பாளர்கள் 2020 ஏப்ரல்ல ஒத்துக்கிட்டாங்க, அதுக்கப்புறம்தான் மாடல் லிஸ்ட்ல வகையைப் போட ஆரம்பிச்சாங்க. டிஸ்க் வாங்குறவங்க எத்தனை டெராபைட்னு பார்க்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க, முக்கியமா ரெய்டு (பல டிஸ்க்கை ஒண்ணா சேர்க்குறது) போடுறதா இருந்தா, ரீபில்ட் சமயத்துல, அதாவது கெட்ட டிஸ்க்கை மாத்தி டேட்டாவைத் திரும்ப எழுதும்போது எஸ்எம்ஆர் உயிரை எடுத்துடும்.

நல்ல வேளையா ரெண்டாவது டிஸ்க் சிஎம்ஆர். ரெண்டையும் இடம் மாத்திட்டேன். தினமும் எழுதுறது எல்லாம் சிஎம்ஆர்ல, எஸ்எம்ஆர் இனிமே ராத்திரி பேக்கப் வாங்கிக்கிட்டு பகல்ல நிதானமா அடுக்கிக்கட்டும். இப்போ 50 ஜிபி தொடர்ந்து போட்டாலும் 110க்கு கீழ இறங்கல.

அப்பாடான்னு போட்டோ ஃபோல்டரைப் போட்டேன். 4 எம்பி.

வயர் ஓகே, டிஸ்க் ஓகே, இப்போ என்னடான்னு பார்த்தா அந்த ஃபோல்டர்ல இருக்குறது முக்கால்வாசி போட்டோவே இல்ல, போட்டோ சாஃப்ட்வேர் போட்டு வெச்ச தம்ப்நெயிலும் குட்டி குட்டி செட்டிங் ஃபைலும். ஒவ்வொண்ணும் 60 கேபி அளவுக்கு இருக்கும். பெரிய ஃபைல்னா ஒரு தடவை திறந்து தள்ளிக்கிட்டே போகலாம். இங்க ஒவ்வொரு ஃபைலுக்கும் உருவாக்கு, எழுது, தேதியைப் போடு, மூடுன்னு லேப்டாப்புக்கும் நாஸுக்கும் நடுவுல பல தடவை கேள்வி பதில் நடக்குது, ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்தது. இதுல லேப்டாப்ல ஆன்டிவைரஸ் ஒவ்வொரு ஃபைலையும் திறந்து மோந்து பார்க்குது வேற. ஒரு ஃபைலுக்கு 15 மில்லிசெகண்ட் ஆகுதுன்னு வெச்சா செகண்டுக்கு 66 ஃபைல், 60 கேபியால பெருக்கினா 4 எம்பி. கணக்கு அப்படியே உக்காருது. இதுக்கு எவ்வளவு வேகமான கேபிள் போட்டும் பிரயோஜனம் இல்ல, ஏன்னா கேள்வி பதில் போய் வர்ற நேரம்தான் செலவாகுது, வயர் பெரும்பாலும் காலியா கிடக்கு.

எக்ஸ்ப்ளோரர்ல இழுத்துப் போடாம, விண்டோஸ்லயே இருக்குற காப்பி கமாண்டான ரோபோகாப்பில மல்டி த்ரெட் 16 குடுத்துப் பார்த்தேன், ஒரே நேரத்துல 16 ஃபைல் பறக்கும்ல, 20 எம்பி பக்கம் வந்துச்சு. ஒவ்வொரு ஃபைல் பேரையும் ஸ்கிரீன்ல எழுதுறதை ஆஃப் பண்ணா இன்னும் கொஞ்சம். அதை விட நல்ல வழி டார், பல ஃபைலை ஒரே கட்டா கட்டுற கமாண்ட். விண்டோஸ் 10ல 2018லயே டாரும் எஸ்எஸ்எச்சும் (இன்னொரு மெஷினுக்குள்ள பாதுகாப்பா நுழையுற வழி) உள்ளயே வந்துடுச்சு, லேப்டாப்ல டார் போட்டு, அதுல வர்றதை பைப் வழியா நேரா எஸ்எஸ்எச்சுக்கு விட்டு நாஸ்ல விரிச்சா மொத்த ஃபோல்டரும் ஒரே ஓட்டமா போகுது. 70 எம்பிக்கு மேல போச்சு. பழைய பவர்ஷெல்ல மட்டும் இதைச் செய்யாதீங்க, பைப்ல போற பைனரி டேட்டாவை டெக்ஸ்ட்னு நினைச்சு கெடுத்துடும், சாதாரண கமாண்ட் ப்ராம்ப்ட்ல பண்ணுங்க.

விண்டோஸ் 11 24எச்2 அப்டேட் வந்ததுல இருந்து ப்ரோ மாதிரி எடிஷன்கள்ல எஸ்எம்பி (விண்டோஸும் சாம்பாவும் ஃபைல் பகிர பேசிக்கிற மொழி) சைனிங் டீஃபால்ட்டா கட்டாயம், ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கையெழுத்து போட்டு சரிபார்க்கும், பழைய சிபியுல அதுவும் இழுக்கும். நாஸ்ல எஸ்எம்பிஸ்டேட்டஸ் அடிச்சா சைனிங் இருக்கா என்க்ரிப்ஷன் இருக்கான்னு தெரியும். எனக்கு சைனிங் ஆன்லதான் இருக்கு, டாப் கமாண்ட்ல பார்த்தா ஒரு கோர்ல 60 சதவீதம் ஓடுது, கிகாபிட்டுக்கு அது தடை இல்ல, அப்படியே விட்டுட்டேன். பாதுகாப்பை ஆஃப் பண்ணி சம்பாதிக்குற ஸ்பீடு எனக்குப் பிடிக்காது.

அப்புறம் அந்த சாக்கெட் ஆப்ஷன் வரி. சாம்பா ஸ்லோன்னு தேடினா முதல்ல கண்ல படுறது, ரிசீவ் பஃபர் 8192, செண்ட் பஃபர் 8192ன்னு கான்ஃபிக்ல போடச் சொல்லும். லினக்ஸ் தானாவே பஃபர் (டேட்டா தற்காலிகமா நிக்கிற மெமரி) அளவை ஏத்தி இறக்கிப் பார்த்துக்கும், இந்த வரியைப் போட்டா அந்த வசதி நின்னு போய் 8 கேபில மாட்டிக்கும். சோதிக்க போட்டேன், ஸ்பீடு பாதியா விழுந்துச்சு, தூக்கினதும் திரும்ப வந்துச்சு. ஜம்போ ஃப்ரேம், அதாவது பெரிய பாக்கெட், கணக்கு போட்டதோட சரி. எம்டியு (பாக்கெட்டோட அதிகபட்ச அளவு) 9000 வெச்சா 94 சதவீதம் 99 ஆகும், அஞ்சு சதவீதம் லாபம், அதுக்கு நெட்வொர்க்ல இருக்குற எல்லா டப்பாவும் 9000 ஒத்துக்கணும், ஒண்ணு ஒத்துக்காட்டியும் பாதி சைட் திறக்கும் பாதி தொங்கும். தேவையா?

வைஃபைல லேப்டாப் 866 மெகாபிட்னு காட்டும், கைக்கு வர்றது அதுல பாதி கொஞ்சம் கூட, போறதும் வர்றதும் அதே காத்துல மாறி மாறித்தானே. பெருசா அனுப்பணும்னா கேபிளைச் செருகுறேன், அவ்வளவுதான்.

அடுத்து 2.5 கிகாபிட் கார்டு போடலாமான்னு ஒரு ஆசை இருந்துச்சு, கேட் 5இ கேபிளே போதும், கேபிள் மாத்த வேணாம். ஆனா டிஸ்க்கை மட்டும் தனியா அளந்தப்போ வெளி டிராக்ல 180 சொச்சம், உள் டிராக்ல 90தான் வருது. 2.5ல 280 வரைக்கும் போகலாம், ஒத்த டிஸ்க்கால அதை நிரப்ப முடியாது, டிஸ்க் நிரம்பி கடைசி உள் டிராக்குக்கு வந்ததும் இப்ப இருக்குற கிகாபிட்டையே நிரப்ப முடியாது. எஸ்எஸ்டி ஒண்ணு மாட்டுற வரைக்கும் அந்த கார்டு வேணாம்னு லிஸ்ட்ல இருந்து தூக்கிட்டேன். பதிலா போட்டோ பேக்கப்பை ரோபோகாப்பில இருந்து டார் ஸ்கிரிப்ட்டுக்கு மாத்தணும், புதுசா மாறின ஃபைலை மட்டும் எடுக்குற மாதிரி எழுதுறதுதான் இப்போ பாக்கி.