ஐந்தரை மணி நேரப் பிழை: ஒரே கணினியில் விண்டோஸும் டெபியனும்

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு மேசைக் கணினி. பகலில் அண்ணன் அதில் பேஜ்மேக்கரைத் திறந்து கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பார். இரவில் நான் லினக்ஸில் நிரல் எழுதிப் பழகுவேன். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். அண்ணனிடம் உள்ள பழைய வாடிக்கையாளர் கோப்புகள் பெரும்பாலும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்தவை என்பதால், விண்டோஸை எடுத்துவிடும் பேச்சுக்கே இடமில்லை. ஆகவே 500 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸ் 10 இருந்தபடியே இருக்க, 80 ஜிபியை ஒதுக்கி டெபியன் 12 என்ற லினக்ஸை நிறுவினேன். டி டிரைவ் இருவருக்கும் பொது. நிறுவும் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதன் பிறகு வந்த கோளாறுகளைத் தீர்க்க மூன்று வாரம் ஆனது.

முதலில் தவறியது கடிகாரம். அதுவும் நான் கண்டுபிடிக்கவில்லை. ஒரு நாள் காலை 11 மணிக்கு அண்ணன் ஒரு பத்திரிகையைச் சேமித்திருக்கிறார். மதியம் அவர் சாப்பிடப் போன நேரத்தில் நான் லினக்ஸில் சிறிது வேலை பார்த்தேன். திரும்பி வந்தவர் மூன்று மணி அளவில் மெய்ப்புத் திருத்தங்களைப் போட்டு, வேறு பெயரில் இன்னொரு பிரதியாகச் சேமித்தார். மறுநாள் தேதி வரிசையில் பார்த்தபோது, திருத்திய கோப்பு காலை 9.30க்கும் திருத்தாத கோப்பு 11 மணிக்கும் சேமித்ததாகக் காட்டின. மேலே இருந்ததே புதியது என்று நம்பி அதை அச்சுக்கு அனுப்ப இருந்தவர், மாப்பிள்ளையின் தாத்தா பெயரில் பழைய எழுத்துப் பிழை அப்படியே இருப்பதைக் கண்டு நிறுத்திவிட்டார். "என்னடா தம்பி, கம்ப்யூட்டரை என்ன பண்ணி வச்சிருக்க?" என்று கேட்டதோடு விட்டது என் அதிர்ஷ்டம்.

மணி தவறுகிறது என்றால் மதர்போர்டு பேட்டரி தீர்ந்துவிட்டது என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். எனக்கும் அதுவே தோன்றியது. நாற்பது ரூபாய்க்கு ஒரு சிஆர்2032 பேட்டரி வாங்கி வந்து, கேபினெட்டைத் திறந்து மாற்றினேன். அங்கேதான் யோசித்திருக்க வேண்டும்: பேட்டரி செத்தால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய் ஏதோ ஒரு ஜனவரி முதல் தேதியில் நிற்கும், ஒவ்வொரு முறையும் பிசகாமல் ஐந்தரை மணி நேரம் மட்டும் தவறாது. இந்தியாவில் வாழ்பவனுக்கு ஐந்தரை என்ற எண்ணைப் பார்த்தவுடனே உறைத்திருக்க வேண்டாமா?

பேட்டரியைக் கழற்றியதில், கணினியைத் துவக்கும் மதர்போர்டு மென்பொருளான பயாஸின் அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பின. தேதியையும் மணியையும் கையால் அமைத்துச் சேமித்து வெளியே வந்தால், விண்டோஸா டெபியனா என்று கேட்டு வழக்கமாக வரும் கிரப் மெனு வரவில்லை. கணினி நேரே விண்டோஸுக்குள் போய்விட்டது. ஆனால் அன்று முழுவதும் மணி சரியாகவே இருந்தது. பேட்டரிதான் குற்றவாளி என்று உறுதிப்படுத்திக்கொண்டேன். லினக்ஸுக்குள் போக வழியில்லாததால்தான் மணி சரியாக இருக்கிறது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

கிரப் மெனு தொலைந்தால் லினக்ஸையே மறுபடி நிறுவச் சொல்பவர்கள் உண்டு. இந்த நிலையில் அது வீண் வேலை. பயாஸின் புதிய வடிவமான யுஇஎஃப்ஐ உள்ள கணினிகளில், துவக்கக் கோப்புகள் வட்டின் தொடக்கத்தில் உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்ற சிறு பகுதியில் இருக்கின்றன. அவை இருக்கும் இடத்தின் முகவரி மட்டும் மதர்போர்டின் நினைவகத்தில் பதிவாகிறது. எனக்கு அழிந்தது முகவரி. கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. விண்டோஸின் துவக்கக் கோப்பு எங்கே இருக்கும் என்பது மதர்போர்டுக்கே தெரியும் என்பதால் அந்தப் பதிவைத் தானே புதுப்பித்துக்கொண்டது, டெபியனைத் தேடவில்லை.

நிறுவாமலே இயங்கும் டெபியன் உள்ள லைவ் பென்டிரைவைச் செருகித் துவக்கினேன். பூட் மெனுவில் அதே பென்டிரைவ் இரண்டு முறை தெரிந்தது. யுஇஎஃப்ஐ என்ற முன்னொட்டு உள்ளதைத் தேர்வு செய்ய வேண்டும். மற்றதில் துவக்கினால் முகவரிப் பதிவுகளைத் தொடவே முடியாது. இது தெரியாமல் அரை மணி நேரம் போனது. பிறகு இஎஃப்ஐ பூட் மேனேஜர் என்ற கட்டளையை இயக்கிப் பார்த்தபோது, பட்டியலில் விண்டோஸும் பென்டிரைவும் மட்டுமே இருந்தன. எந்த வட்டு, எத்தனையாவது பார்ட்டிஷன், என்ன பெயர், எந்தக் கோப்பு என்ற நான்கையும் கொடுத்துப் புதிய பதிவு ஒன்றை உருவாக்கினேன். டெபியன் என்ற வரி பட்டியலில் முதலிடத்தில் வந்து அமர்ந்தது. மகிழ்ச்சியோடு கணினியை மறுபடி துவக்கினேன். மீண்டும் விண்டோஸே வந்தது.

இதற்கான காரணத்தைக் கண்டுபிடித்த கணம்தான் இந்த மூன்று வாரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. விவரமாகப் பட்டியலிடும்படி கேட்டபோது, நான் கொடுத்த கோப்புப் பாதையில் கோப்புறைகளைப் பிரிக்கும் பின்சாய்வுக் கோடுகள் ஒன்றுகூட இல்லை. இஎஃப்ஐ, டெபியன் என்ற கோப்புறைகள், ஷிம் என்ற துவக்கக் கோப்பு என்று தனித்தனியாக இருக்க வேண்டிய மூன்றும் ஒட்டிக்கொண்டு ஒரே நீளச் சொல்லாகக் கிடந்தன. கட்டளைகளைத் தட்டச்சிடும் லினக்ஸ் முனையத்தில் பின்சாய்வுக் கோட்டுக்கு வேறு பொருள் உண்டு. பாதையை மேற்கோள் குறிகளுக்குள் இடாமல் கொடுத்ததால் முனையமே அவற்றை விழுங்கிவிட்டது. கட்டளையும் அப்படி ஒரு கோப்பு உண்டா என்று பார்க்காமல், கொடுத்ததை அப்படியே பதிந்துவிட்டது. அந்தப் பதிவை நீக்கி, ஒற்றை மேற்கோளுக்குள் பாதையை எழுதி மறுபடி உருவாக்கியதும் கிரப் மெனு வந்தது.

லினக்ஸ் திரும்பிய அன்றிரவே கடிகாரப் பிழையும் திரும்பியது. 9.40க்கு லினக்ஸிலிருந்து வெளியேறி விண்டோஸைத் திறந்தேன். மூலையில் மாலை 4.10 என்றிருந்தது. புத்தம்புதிய பேட்டரி உள்ளே இருக்கிறது. அப்போதுதான் கூட்டிக் கழித்துப் பார்த்தேன்.

மதர்போர்டுக் கடிகாரம் ஒரு எண்ணைக் காட்டுமே தவிர, அது எந்த ஊர் நேரம் என்று சொல்லாது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. டாஸ் காலத்திலிருந்து வரும் வழக்கம் அது. லினக்ஸோ அதை உலகப் பொது நேரமாகக் கொண்டு, திரையில் காட்டும்போது நமக்கான ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்கிறது. இணையத்தில் நேரம் சரிபார்த்த பிறகு, லினக்ஸின் மையப் பகுதியான கருவகம் ஏறத்தாழ 11 நிமிடங்களுக்கு ஒருமுறை அந்தக் கடிகாரத்தைத் திருத்தி எழுதுகிறது. இணையம் இல்லாமல் ஐந்து நிமிடம் லினக்ஸைத் திறந்து மூடிய நாட்களில் மட்டும் விண்டோஸின் மணி தப்பித்தது ஏன் என்ற பழைய குழப்பமும் இதனோடு தீர்ந்தது.

யாராவது ஒருவர் மற்றவர் வழிக்கு வர வேண்டும். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒரே கட்டளை போதும். ஆனால் மாற்றினால் அதுவே எச்சரிக்கை தருகிறது. கோடையில் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் நம் நாட்டில் இல்லாததால் பெரிய கெடுதல் வராதுதான். இருந்தாலும் முறையானதைச் செய்வோம் என்று விண்டோஸை மாற்றினேன். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில், நேர மண்டலத்துக்கான இடத்தில், ரியல் டைம் இஸ் யுனிவர்சல் என்பதை இடைவெளியின்றி ஒரே சொல்லாக எழுதி, மதிப்பு 1 என்று கொடுத்தேன். நான்கு நாட்கள் இரண்டுக்கும் மாறி மாறிப் போய் வந்து பார்த்தேன், மணி பிசகவில்லை.

மூன்றாவது கோளாறு டி டிரைவில் வந்தது. லினக்ஸிலிருந்து அதில் சில நாட்கள் எழுத முடிந்தது. சில நாட்கள் படிக்க மட்டுமே அனுமதித்தது. முன்பு பட்ட அடியால், இந்த முறை எதையும் கழற்றாமல் ஒரு தாளில் குறித்து வந்தேன். எட்டு நாள் குறிப்பில் விடை தெளிவாக இருந்தது: விண்டோஸை ரீஸ்டார்ட் செய்து லினக்ஸுக்கு வந்த நாட்களில் எழுத முடிந்தது, ஷட்டவுன் செய்துவிட்டுப் பிறகு வந்த நாட்களில் முடியவில்லை. விண்டோஸ் 8 முதல் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதிதான் இதற்குக் காரணம். ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் உள்நிலையை ஒரு கோப்பில் எழுதிவைத்து உறங்குகிறது, டிரைவ்களையும் திறந்தபடியே விட்டுவிடுகிறது. ரீஸ்டார்ட்டில்தான் உண்மையாகவே எல்லாம் மூடப்படுகிறது. பாதியில் விட்ட டிரைவில் எழுத லினக்ஸ் மறுப்பது நம் கோப்புகளைக் காப்பதற்காகத்தான். கட்டாயப்படுத்தி எழுதவைக்கும் வழிகள் உண்டு. அண்ணனின் பல ஆண்டு உழைப்பு இருக்கும் டிரைவில் அதைச் செய்ய எனக்குத் துணிவில்லை. பவர்சிஎஃப்ஜி கட்டளையால் உறக்க வசதியையே நிறுத்தினேன். சி டிரைவில் மூன்று ஜிபிக்குச் சற்று மேல் இடமும் திரும்பக் கிடைத்தது. விண்டோஸ் திறக்க முன்பைவிடச் சில விநாடிகள் கூடுதலாக ஆகின்றன.

அண்ணன் அதைக் கவனிக்கவில்லை. அவருடைய குறை வேறு: காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய் வருவதற்குள், கிரப்பின் ஐந்து விநாடி முடிந்து டெபியன் திறந்து கிடக்கிறது. இப்போது மெனுவின் முதல் தேர்வை விண்டோஸாக மாற்றிவிட்டேன். இரவில் அந்த ஐந்து விநாடிக்குள் கீழம்புக் குறியையோ மேலம்புக் குறியையோ தட்ட வேண்டியது என் பொறுப்பு.