பாம்பனுக்கு வராத தகவல்

ஸ்டேஷன் மாஸ்டர் வேலையில் பாதி காத்திருப்பதுதான். ஒற்றைப் பாதையில் லைன் கிளியர், அதாவது அடுத்த ஸ்டேஷனின் அனுமதி, வாங்கி வண்டியை அனுப்பினால், அடுத்த ஸ்டேஷனிலிருந்து ‘வந்து சேர்ந்தது’ என்று தகவல் வரும்வரை அந்த வண்டி நம் தலையில். ராமேசுவரம் பக்கம் மீட்டர்கேஜ் காலத்தில் வேலை பார்த்தபோது, ஐந்து நிமிடம் தாமதமானாலே கை தானாகப் போனைத் தேடும். தனுஷ்கோடி ஞாபகம் வந்துவிடும்.

இன்றைக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள்: 1964 புயலுக்கு முன்பு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போனதுதான் மெயின் லைன், ராமேசுவரம் வெறும் கிளை. 1914இல் பாம்பன் பாலம் திறக்கும்வரை கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியில்தான் கப்பல் ஏறினார்கள். அப்புறம் எழும்பூரில் போட் மெயில் பிடித்தால் தனுஷ்கோடி துறைவரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குச் சுமார் 35 கிலோமீட்டர் கப்பல், இறங்கினால் கொழும்பு ரயில்.

1964 டிசம்பர் 22, அந்தப் புயல் இரவில், நள்ளிரவை ஒட்டி 653 பாசஞ்சர் பாம்பனை விட்டுக் கிளம்பியது. தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் இல்லை. டிரைவர் நிறுத்தி, விசில் கொடுத்துப் பார்த்துவிட்டு வண்டியை மெல்ல எடுத்தார் என்பார்கள். கடல் வண்டியையே அடித்துக்கொண்டு போய்விட்டது. எடுத்தது தப்பு என்று நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நின்றிருந்தால் மட்டும் அந்தக் கடல் விட்டிருக்குமா?

பயணிகள் 110, ஊழியர்கள் 5 என்று கணக்குச் சொல்கிறார்கள். டிக்கெட்டை வைத்துப் போடும் கணக்கு எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களை யார் எண்ணியது? நான் அடிக்கடி யோசித்தது பாம்பனில் அந்த இரவு டியூட்டியில் இருந்தவரைப் பற்றி. அவருக்கு அந்தத் தகவல் வரவே இல்லை.

புயலில் சேதமான பாம்பன் பாலத்தைப் பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள். தனுஷ்கோடி லைனை மட்டும் திரும்பப் போடவில்லை. ஊரே வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்துவிட்டது. கப்பல் ராமேசுவரத்துக்கு மாறி, 1980களில் அதுவும் நின்றது.

2019இல் தனுஷ்கோடிக்குப் புது லைன் போட அடிக்கல் நாட்டிய செய்தியை, என்னோடு வேலை பார்த்த பழைய பாயிண்ட்ஸ்மேனிடம் (தண்டவாளம் மாற்றிவிடுபவர்) போனில் சொன்னேன்.

“போடட்டும் சார்,” என்றார். “அங்க ராத்திரி டியூட்டிக்கு யார் போவா?”