போட்டோவை ஓவியமாக்கும் ஞாயிறுகள்

மார்ச் 9, ஞாயிறு

காலை ஆறு மணி பஸ்ஸில் மகளோடு ஏற்காடு போய் வந்தேன். பத்து நாளைக்கு முன் மலையில் நல்ல மழை. அதனால் காபித் தோட்டங்கள் வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்தன. ஜன்னலைத் திறந்ததும் மல்லிகை போன்ற அந்த வாசனை உள்ளே வந்துவிட்டது. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியதும் பனிமூட்டம். காபிச் செடிகளுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதற்குள் கரைந்துகொண்டிருந்தன. ஓடும் பஸ்ஸிலிருந்தே நாற்பது படமாவது எடுத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் அழுக்குச் சாம்பல் நிறம். போனில் இருந்த ‘எண்ணெய் ஓவியம்’ ஃபில்டரைப் போட்டேன். ஒரே நொடியில் பிரஷ் தடங்கள் மாதிரி வந்துவிட்டன. மகள் எட்டிப் பார்த்தாள்.

“மரம், பஸ் கம்பி, பனி எல்லாத்தையும் ஒரே மாவா பிசைஞ்ச மாதிரி இருக்கும்மா.”

சரியாகத்தான் சொன்னாள்.

மார்ச் 12, புதன்

மாவு பிசைந்தது போல ஏன் ஆகிறது என்று தேடிப் படித்தேன். இப்படிப்பட்ட ஃபில்டர்கள் சிலவற்றின் அடியில் இருப்பது குவாஹாரா என்ற ஜப்பானியரும் அவருடைய குழுவினரும் 1976இல் வெளியிட்ட ஒரு முறை. இதயத்தின் மருத்துவப் படங்களில் உள்ள இரைச்சலை, அதாவது படத்தைக் கெடுக்கும் தேவையற்ற புள்ளிகளை, நீக்குவதற்காகச் செய்தது. ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி நான்கு சிறு சதுரங்களைப் பார்க்கும். எந்தச் சதுரத்தில் நிறம் அதிகம் மாறாமல் இருக்கிறதோ அதன் சராசரியை அந்தப் புள்ளிக்குக் கொடுக்கும். அதனால் ஓரங்கள் கூர்மையாக நிற்கும், நடுப்பகுதிகள் வழவழப்பாகும். பார்ப்பதற்குத் திட்டுத் திட்டாகப் பெயின்ட் பூசியது போலத் தெரியும்.

எவ்வளவு அழகான யோசனை! ஆனால் அதற்கு மரமும் கம்பியும் ஒன்றுதான். நான் பஸ்ஸில் பார்த்தது மரத்தை. கம்பியை என் கண் பார்க்கவே இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

லேப்டாப்பில் க்ரிட்டா ஏற்றினேன். படம் வரைவதற்கான இலவச மென்பொருள். ஸ்வீடிஷ் மொழியில் க்ரிட்டா என்றால் சாக்பீஸாம், பெயரே பிடித்துவிட்டது. மகளின் பழைய பேனா டேப்லெட்டை எடுத்துக்கொண்டேன். ஏ4 அளவு, அங்குலத்துக்கு 300 புள்ளி, அதாவது 2480க்கு 3508 புள்ளிகள். போட்டோவை அடி லேயரில் மங்கலாக வைத்து, அதன் மேல் காலி லேயரில் வரைய ஆரம்பித்தேன்.

முதலில் கண்ணை இடுக்கிக்கொண்டு போட்டோவைப் பார்த்தேன். இலை, கிளை எல்லாம் மறைந்து, இருட்டும் வெளிச்சமும் மட்டும் நான்கைந்து துண்டுகளாக நின்றன. அந்தத் துண்டுகளைக் கறுப்பு வெள்ளையிலேயே பெரிய பிரஷ்ஷால் போட்டேன். நிறம் அப்புறம்தான்.

அப்போதுதான் போட்டோவின் கோளாறு புரிந்தது. கேமரா எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்கு இழுக்கப் பார்க்கும். வெள்ளைப் பனி படத்தை நிறைத்திருந்தால் அதையும் சாம்பலாக்கிவிடும். என் கண் பார்த்த பனி அப்படி இல்லை, உள்ளிருந்து ஒளிர்ந்தது. ஆகவே போட்டோவின் வெளிச்சத்தை நம்பாமல், முன்னால் இருக்கும் மரத்தை மட்டும் அடர்த்தியாக வைத்து, அடுத்தடுத்த வரிசைகளை வெளுத்துக்கொண்டே போனேன். நான்காவது வரிசை இருக்கிறதா இல்லையா என்பது போல ஒரு கோடு. மலை ஏறியதும் முகத்தில் பட்ட அந்தக் குளிர் மெல்லத் திரும்பி வந்தது.

மார்ச் 19, புதன்

ஆபீஸில் வருஷக் கடைசி வேலை. இரவு அரை மணி நேரம் இலைகளைப் போட்டுப் பார்த்து எல்லாவற்றையும் அழித்தேன். இலை இலையாகப் போட்டால் பனி ஓடிவிடுகிறது.

மார்ச் 23, ஞாயிறு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் தெருவிலேயே ஒரு சின்னக் கொலுசுப் பட்டறை இருக்கிறது. இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு வெள்ளி வேலைதான். அங்கே வேலை செய்யும் அண்ணன் முப்பது வருஷத்துக்கு மேலாகக் கொலுசுக் கண்ணிகளை நெருப்பில் பத்தவைத்து இணைத்துக்கொண்டிருக்கிறார். கேட்டுக்கொண்டு இரண்டு படம் எடுத்தேன்.

“என்னையவா வரையப் போறீங்க? கொலுசை வரைங்கம்மா, அதுதான் அழகா இருக்கும்” என்றார்.

படம் மோசமாகத்தான் வந்தது. மேலே டியூப்லைட், கீழே கேஸ் சுடர். இரண்டு வெளிச்சத்தில் எதற்கு ஏற்ப எடுப்பது என்று கேமராவுக்குப் பிடிபடவில்லை. சுடர் வெறும் வெள்ளைத் திட்டு, அவர் கை கறுப்பு. ஆனால் குனிந்த கழுத்தின் வளைவு அப்படியே இருக்கிறது. எனக்கு அது போதும். பெரிதாக அச்சிட்டு அவருக்கே தர வேண்டும் என்று இந்தத் தடவை ஏ3 எடுத்துக்கொண்டேன், 3508க்கு 4961.

மார்ச் 30, ஞாயிறு

முடித்துவிட்டேன். டியூப்லைட்டை எடுத்துவிட்டு, சுடர் ஒன்றிலிருந்தே வெளிச்சம் வருவது போல மாற்றினேன். சுவரில் இருந்த முருகன் காலண்டர், ஒயர், டீ டம்ளர், தரையில் கிடந்த குப்பை, பலகையில் இருந்த ஒரு சின்னக் கிண்ணம், எல்லாவற்றையும் அழித்தேன். முகமும் கையும் கொலுசும் மட்டும் ஆரஞ்சு வெளிச்சத்தில் நின்றன. கண்ணில் படுவதையெல்லாம் வைத்துக்கொள்ளாமல், எது வேண்டும் என்று நானே தீர்மானித்த முதல் படம் இது. பன்னிரண்டு மணி வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 2, புதன்

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“நல்லாருக்கும்மா. கழுத்து எங்கப்பா கழுத்து மாதிரியே இருக்கு. ஆனா வெண்காரத்தைக் காணோமே?”

நான் விழித்தேன். பலகையில் வெண்காரம், அதாவது போராக்ஸ், இருந்த சின்னக் கிண்ணத்தைக் காட்டினார். நான் அழித்த அதே கிண்ணம்.

“இது இல்லாம எப்படிப் பத்தும்? நெருப்புல வெள்ளி கறுத்துப் போயிரும், பத்தவைக்கிற பொடி உருகி ஓடாது. முதல்ல வெண்காரத் தண்ணி, அப்புறந்தான் நெருப்பு.” தரையையும் பார்த்தார். “இவ்வளவு சுத்தமா எந்தப் பட்டறை இருக்கு? கூட்டிக் கொட்டிர மாட்டோம்மா, இந்தத் தூசியில வெள்ளி இருக்கு. சேர்த்து வச்சு உருக்குவோம்.”

கோபமே இல்லாமல், வேலைக்கு வந்த புதுப் பையனுக்குச் சொல்வது போலச் சொன்னார். பஸ் கம்பியையும் மரத்தையும் பிரிக்கத் தெரியவில்லை என்று ஃபில்டரைச் சொன்னேன். டீ டம்ளரையும் வெண்காரக் கிண்ணத்தையும் நான் பிரித்துப் பார்க்கவில்லை. அதை நினைத்து இரவு தூக்கம் வரவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

போன் எடுக்காமல் போனேன். ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். சாமணத்தால் கண்ணியைப் பிடிக்கிறார், வெண்காரம் தொடுகிறார், பொடி வைக்கிறார், சுடரைக் காட்டுகிறார். வெண்காரம் முதலில் பொரிந்து வெள்ளையாக உப்புகிறது, பிறகு கண்ணாடி போல உருகிப் படிகிறது. அடுத்த கணம் இணைப்பில் ஒரு மின்னல், பொடி உருகி ஓடிவிட்டது. உடனே சுடரை விலக்கிவிடுகிறார். ஒரு விநாடி அதிகமானாலும் கண்ணியே உருகிவிடுமாம்.

நான் வரைய வேண்டியது அந்த மின்னலைத்தான். போட்டோவில் அது இல்லை.

வீட்டுக்கு வந்ததும் புது லேயர். கிண்ணம் அதன் இடத்துக்குத் திரும்ப வந்தது. அதன் விளிம்பில் சுடரின் ஒளி ஒரு பிறை போல விழுகிறது. தரையில் தூசியைப் போட்டு, அங்கங்கே நான்கைந்து வெள்ளிப் புள்ளி வைத்தேன். படத்திலேயே மிக வெளிச்சமான இடம் முன்பு சுடராக இருந்தது. இப்போது அந்த இணைப்பு. சுடரைக் கொஞ்சம் அடக்கி நீலமாக்கினேன். டம்ளரும் ஒயரும் திரும்பவில்லை.

ஏப்ரல் 12, சனி

நல்ல மேட் தாளில் அச்சிட்டு வாங்கினேன். திரையில் ஜொலித்த நீலம் தாளில் மங்கிவிட்டது. திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கலந்து காட்டுவது. தாளில் மையைக் கலந்துதான் காட்ட முடியும், அந்தப் பளீர் நீலத்துக்கு மை எட்டாது. சுற்றியிருக்கும் நிறங்களை இன்னும் இறக்கியிருந்தால் நீலம் எடுப்பாகத் தெரிந்திருக்கும்.

சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணன் முதலில் கிண்ணத்தைத் தேடி அதன் மேல் விரலை வைத்தார். பிறகு இணைப்பைப் பார்த்தார். “ஓடுது” என்றார். பக்கத்தில் வேலை செய்த தம்பியையும் கூப்பிட்டுக் காட்டினார்.

“சுடர் மட்டும் இன்னும் கொஞ்சம் நீலமா இருக்கணும்மா. இந்தச் சூட்டுல பொடி ஓடாது.”

“சரிங்கண்ணா, மாத்தி வேற பிரின்ட் எடுத்துட்டு வரேன்.”

“கொண்டாங்க. அதுவரைக்கும் இது இருக்கட்டும்” என்று முருகன் காலண்டரை ஒரு சாண் நகர்த்தி, பக்கத்தில் ஆணி அடித்தார்.